மண்ணுக்குள் போன ஒயரையும் மின்னல் தேடி வரும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன கூட்டத்தில் ஒரு குழு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. அதனால் நேராக விஷயத்துக்கு வர்றேன்.

அந்தக் குழு நாற்றங்கால் போட்டு நடத்துறாங்க. பொதுவான போர்வெல், அதில் நீர்மூழ்கி மோட்டார். மூணு வருஷத்தில் ரெண்டு தடவை மின்னல் அடிச்சு மோட்டார் போயிடுச்சு. ரெண்டு தடவையும் காயில் கட்ட, மோட்டாரைத் தூக்க, திரும்ப இறக்கன்னு குழுவோட சேமிப்பில் இருந்துதான் எடுத்திருக்காங்க. இப்ப கூட்டமைப்பில் கடன் கேட்டிருக்காங்க. எதுக்கு? மோட்டார் கொட்டகையில் இருந்து போர் வரைக்கும் கம்பத்தில் போற ஒயரை எடுத்துட்டு, பள்ளம் தோண்டி மண்ணுக்குள்ள கேபிள் போடணும்னு. "மண்ணுக்குள்ள போட்டுட்டா அப்புறம் மின்னலுக்குப் பயமில்லைதானே?" இதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிடுறேன். மண்ணுக்குள்ள போடுறது நல்லதுதான். ஆனா மின்னலுக்காக மட்டும் அந்தக் கடனை வாங்கினா, மூணாவது தடவையும் மோட்டார் போகும். கடனும் நிக்கும், மோட்டாரும் இருக்காது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

நம்ம வீட்டுக்கு வர்ற கரண்ட் 230 வோல்ட். மூணு பேஸ் மோட்டாருக்கு 415 வோல்ட்னு சொல்லுவோம். கடையில் வாங்குற ஒயர் மேல பாருங்க, சின்ன எழுத்தில் 1100னு அச்சடிச்சிருக்கும். 1,100 வோல்ட் வரைக்கும் வேலை செய்யத் தகுந்த ஒயர்னு அர்த்தம். 415க்கு 1,100 தாராளம். அன்றாட வேலைக்கு எந்தக் குறையும் இல்லை.

மின்னல் அப்படிப்பட்ட கரண்ட் இல்லை. சாதாரணமான ஒரு மின்னலில் ஏறக்குறைய 30,000 ஆம்பியர் பாயும். பெரிய மின்னலில் 2 லட்சம் ஆம்பியர் வரைக்கும் போகலாம். நம்ம வீட்டு மிக்ஸி இழுக்குறது ரெண்டு மூணு ஆம்பியர்தான். ஆனா மின்னலோட குணமே அதன் வேகத்தில்தான் இருக்கு. அது உச்சத்துக்கு ஏறுறது சில மைக்ரோ செகண்டில். ஒரு செகண்டைப் பத்து லட்சம் துண்டாக வெட்டினா அதில் ஒரு துண்டு ஒரு மைக்ரோ செகண்ட். நாம ஒரு தடவை கண் இமைக்கிறதுக்குள்ள லட்சக்கணக்கான மைக்ரோ செகண்ட் ஓடிப் போயிருக்கும். அதனாலதான் பியூஸ் காப்பாத்தாது. பியூஸ் சூடாகி உருகுறதுக்கே நேரம் வேணும். அடி அதுக்குள்ள விழுந்து முடிஞ்சிருக்கும். "பியூஸ் போகலை, மோட்டார் மட்டும் எப்படிப் போச்சு?"ன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில்.

மண் என்ன செய்யும்?

மண்ணு கரண்டை விழுங்கிடும்னு நாம நினைக்கிறோம். எர்த் என்றாலே எல்லாத்தையும் வாங்கிக்கிற இடம்னு ஒரு நினைப்பு. காய்ஞ்ச தரையில் ஒரு குடம் தண்ணியை ஒரே இடத்தில் கவிழ்த்துப் பாருங்க. உடனே உறிஞ்சிடுதா? விழுந்த இடத்தில் தேங்கி, மேடு கட்டி, அப்புறம்தான் நாலாபக்கமும் ஓடுது. மின்னலும் அப்படித்தான். விழுந்த இடத்தில் மண்ணோட தடை 10 ஓம்னு வைச்சுக்கங்க. 30,000 ஆம்பியர் அதில் இறங்கினா, 30,000ஐப் பத்தால் பெருக்குங்க, 3 லட்சம் வோல்ட். அந்த ஒரு கணத்துக்கு அந்த இடத்து மண்ணே 3 லட்சம் வோல்ட்டில் நிக்குது. தள்ளிப் போகப் போகக் குறையும்.

மரத்தடியில் கட்டின மாடு மின்னலில் செத்துப் போறதை நம்ம ஊரில் பார்த்திருப்பீங்க. பல நேரம் மின்னல் மாட்டு மேல விழுந்திருக்காது, மரத்து மேல விழுந்திருக்கும். மாட்டோட முன்னங்கால் நிக்கிற மண்ணுக்கும் பின்னங்கால் நிக்கிற மண்ணுக்கும் வோல்ட் வித்தியாசம். அந்த வித்தியாசம் உடம்பு வழியாப் பாய்ஞ்சிடுது.

இப்ப அந்த மண்ணுக்குள்ள நம்ம ஒயர் கிடக்குது. உள்ளே இருக்குற செம்புக் கம்பிக்கு இன்னொரு முனை தூரத்தில், கொட்டகையில் இருக்கு. அங்கே மண்ணில் வோல்ட் ஏறலை. அதனால செம்பு ஏறக்குறைய பழைய நிலையிலேயே இருக்கு. வெளியே மண் லட்சக்கணக்கான வோல்ட், உள்ளே செம்பு சில நூறு வோல்ட். நடுவுல யாரு? ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு பிளாஸ்டிக் உறை. மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நடுவுல மாட்டின புது மருமக மாதிரி அதோட நிலைமை. (சிரிப்பு) அது தாங்காது. எங்கே மெலிசா இருக்கோ, எங்கே பள்ளத்தில் இழுக்கும்போது கல் கீறியிருக்கோ, எங்கே ஜாயிண்ட் போட்டு டேப் சுத்தியிருக்கோ, அங்கே ஓட்டை விழும்.

மின்னல் நேரா ஒயர் புதைச்ச இடத்து மேலயே விழணும்னு அவசியமும் இல்லை. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த எர்லிங் சுண்டே என்ற பொறியாளர் இதைக் கணக்குப் போட்டு 1949இல் புத்தகமாகவே எழுதினார். அவரோட கணக்குப்படி, 30,000 ஆம்பியர் மின்னல் ஈரப்பசையுள்ள மண்ணில் விழுந்தா, நாலு மீட்டர் தள்ளிப் புதைஞ்சிருக்கிற கேபிளுக்குக்கூட மண்ணைக் கிழிச்சுக்கிட்டு பொறியா பாயும். காய்ஞ்ச சரளை மண்ணாக இருந்தா ஏறக்குறைய எட்டு மீட்டர். மண்ணு எவ்வளவு வறட்சியோ அவ்வளவு தூரம் கேபிளைத் தேடி வரும். ஏன்னா வறண்ட மண்ணைவிட செம்புக் கம்பி அதுக்கு சுகமான வழி. நம்ம பக்கம் சரளை நிலம் எவ்வளவு இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

தோண்டி எடுத்துப் பார்த்தார்கள்

"கணக்குத்தானே, நிஜத்தில் யாராவது பார்த்தாங்களா?"ன்னு நீங்க கேக்கலாம். பார்த்திருக்காங்க. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் கேம்ப் பிளான்டிங் என்ற இடத்தில் ஒரு சோதனைத் திடல் இருந்துச்சு. அங்கே மின்னல் எப்போ விழும்னு வானத்தைப் பார்த்து உட்காரலை. மேகம் திரண்டு வந்ததும் சின்ன ராக்கெட் ஒன்றை மேலே அனுப்பினாங்க. அதன் வாலில் மெல்லிசான செம்புக் கம்பி. நூல்கண்டு மாதிரி பிரிஞ்சுக்கிட்டே மேலே போகும். சில நூறு மீட்டர் ஏறினதும் மின்னல் அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, அவங்க நினைச்ச இடத்துக்கே இறங்கும்.

1993இல் அங்கே மூணு கேபிளைப் புதைச்சாங்க. எல்லாம் 15,000 வோல்ட்டுக்கு உரிய கனமான கேபிள், நம்ம மோட்டார் ஒயர் மாதிரி இல்லை. ஆழம் ஒரு மீட்டர். ஒண்ணை மேலுறை போட்டு, அதையும் பி.வி.சி. குழாய்க்குள்ள விட்டுப் புதைச்சாங்க. இன்னொண்ணை மேலுறையோட நேரடியா மண்ணில். மூணாவதுக்கு மேலுறையே இல்லை. அப்புறம் அதுக்கு நேர் மேல இருபது தடவை போல மின்னலை இறக்கினாங்க. அடுத்த வருஷம் தோண்டி எடுத்துப் பார்த்தாங்க.

சில இடத்தில் மேலுறையில் சின்ன ஓட்டை மட்டும். சில இடத்தில் உறை நெடுகக் கிழிஞ்சு, கேபிளைச் சுத்தி இருக்கிற செம்பு இழைகள் ஏறக்குறைய மொத்தமும் உருகிப் போயிருந்துச்சு. சில இடத்தில் உள்ளே இருக்கிற முக்கியமான காப்பு உறைக்கும் காயம். குழாய்க்குள்ள விட்டதாவது தப்பிச்சுதான்னு பார்த்தா, குழாயோட சுவரே உருகி, கோணி, வெடிச்சுத் திறந்திருந்துச்சு. மின்னல் குழாயைத் தாண்டி உள்ளே போய் கேபிளைத் தொட்டிருக்கு. மின்னல் போன பாதையில் மணல் உருகிக் கண்ணாடிக் குழாய் மாதிரி இறுகிக் கிடந்துச்சு. அந்தப் பகுதியில் பின்னாடி 1996இல் தோண்டி எடுத்த ஒரு மணல்கண்ணாடிக் குழாயின் கிளை ஐந்து மீட்டர் நீளம் இருந்துச்சு. மணலை உருக்கிக் கண்ணாடி ஆக்குற சூடு, நம்ம பிளாஸ்டிக் குழாயை என்ன பாடு படுத்தும்னு நான் சொல்லணுமா?

"பி.வி.சி. குழாய்க்குள்ள விட்டுட்டா ஒண்ணும் ஆகாதும்மா"ன்னு கடைக்காரர் சொன்னா இதை நினைச்சுக்கங்க. குழாய் எலிக்கும் மண்வெட்டிக்கும் நல்ல காவல். மின்னலுக்கு இல்லை.

மோட்டார் ஏன் போகுது?

இப்ப நாற்றங்கால் குழுவோட கதைக்கு வர்றேன். அங்கே ரெண்டு தடவையும் நிலத்தில் மின்னல் விழலை, ஊருக்கு வெளியே ஈ.பி. லைன் பக்கம் விழுந்துச்சுன்னு சொன்னாங்க. அதுதான் அதிகம் நடக்குறது. லைனில் ஏறின அடி கம்பி வழியா ஓடிவரும். கேபிளுக்குள்ள ஒரு மைக்ரோ செகண்டில் ஏறக்குறைய 150 மீட்டர் போகும். கொட்டகைக்கு வந்து, ஸ்டார்ட்டரைத் தாண்டி, போருக்குள்ள இறங்கும்.

தொட்டியில் தண்ணி அலை சுவரில் மோதும்போது என்ன ஆகுது? வந்த உயரத்தைவிட மேலே எழும்புது. கேபிளில் வர்ற அடியும் அப்படித்தான். வழி மூடியிருக்கிற முனையில் மோதினா திரும்பி வரும். வர்றதும் திரும்புறதும் சேர்ந்து அந்த இடத்தில் வோல்ட் ரெண்டு மடங்கு வரைக்கும் எழும்பும். ஸ்டார்ட்டரை ஆஃப் பண்ணி வைச்சிருந்தோமே, அப்புறம் எப்படின்னு கேட்டாங்க. ஆஃப் பண்ணின ஸ்டார்ட்டருக்குள்ள இடைவெளி சில மில்லிமீட்டர்தான். ரெண்டு மடங்காக எழும்பின அடி அதைத் தாண்டிப் பொறி பாயும். மெயினையும் சேர்த்து முன்கூட்டியே இறக்கி வைச்சா ஆபத்து குறையும், முழுசாப் போகாது. அதுக்காக இடி இடிக்கும்போது மெயினை இறக்க மழையில் ஓடாதீங்க. மோட்டார் போனா காயில் கட்டலாம்.

போருக்குள்ள இறங்கின அடிக்கு அங்கே என்ன காத்துக்கிட்டிருக்கு? தண்ணி. நீர்மூழ்கி மோட்டார் உட்கார்ந்திருக்கிறது ஊரிலேயே நல்ல எர்த்தில். கொட்டகை ஓரமா நாம உப்பும் கரியும் போட்டுப் புதைச்ச எர்த் பைப்பைவிட அது எத்தனையோ மடங்கு நல்ல எர்த். மின்னல் எங்கே போகும்? மோட்டார் காயிலோட உறையை உடைச்சுக்கிட்டு, மோட்டாரோட உடம்பு வழியாத் தண்ணிக்குள்ள போயிடும். ஒயர் கம்பத்தில் வந்தாலும் சரி, மண்ணுக்குள்ள வந்தாலும் சரி, கடைசி அடி அங்கேதான். பள்ளம் தோண்டுறதால இது மாறவே மாறாது. அதனாலதான் சொல்றேன், முதல் செலவு பள்ளத்துக்கு இல்லை.

முதல் செலவு சர்ஜ் அரெஸ்டருக்கு. கடையில் எஸ்.பி.டி.ன்னும் சொல்லுவாங்க. மூணு பேஸுக்கும் சேர்த்து வாங்கணும். சாதாரண நேரத்தில் சும்மா இருக்கும். அடி வந்தா கதவைத் திறந்து எர்த்துக்கு விட்டுடும். ஆனா அரெஸ்டரை மாட்டிட்டு, அதோட எர்த் ஒயரைக் கொட்டகை ஓரத்து எர்த் பைப்பில் மட்டும் சேர்த்தா பாதி வேலைதான் ஆகும். கொட்டகை எர்த் ஒண்ணு, மோட்டார் உட்கார்ந்திருக்கிற தண்ணி இன்னொண்ணு. ரெண்டுக்கும் நடுவுல மறுபடியும் வோல்ட் வித்தியாசம் வந்து, அதை மோட்டார்தான் தாங்கணும். அதனால மோட்டாரோட உடம்பில் இருந்து ஒரு செம்புக் கம்பியைப் பைப்போட சேர்த்து மேலே கொண்டு வரணும். போரில் இரும்பு கேசிங், இரும்புப் பைப் இருந்தா அதையும் சேர்த்துக்கலாம். இப்ப பல போரில் கேசிங்கும் பிளாஸ்டிக், இறக்குற பைப்பும் பிளாஸ்டிக். அங்கே இந்தக் கம்பி இல்லாம வேலைக்கு ஆகாது. அரெஸ்டரோட எர்த், ஸ்டார்ட்டர் பெட்டி எர்த், மோட்டார் உடம்பு, கொட்டகை எர்த் பைப் எல்லாம் ஒண்ணாக் கட்டப்பட்டிருக்கணும். எல்லாம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினா நடுவுல மாட்ட ஆள் இல்லை. மோட்டாரை அடுத்த தடவை தூக்கும்போதே இந்தக் கம்பியை மாட்டிடுங்க. இதுக்காகத் தனியா தூக்குறது வீண் செலவு.

இன்னொண்ணு. அரெஸ்டர் ஒயரும் எர்த் ஒயரும் குட்டையா, நேரா இருக்கணும். மின்னல் வேகத்துக்கு நேரான ஒயரே தடைதான். ஒரு மைக்ரோ செகண்டில் ஆயிரம் ஆம்பியர் ஏறினா, ஒயரின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஆயிரம் வோல்ட் போல நிக்கும். நம்ம எலக்ட்ரீஷியன் தம்பிகள் மீதி ஒயரை வெட்ட மனசில்லாம, ஸ்பிரிங் மாதிரி அழகாச் சுருட்டி வைப்பாங்க. பார்க்க நல்லா இருக்கும், வேலை கெட்டுப் போகும். அந்தச் சுருளை வெட்டச் சொல்லுங்க. கம்பத்தடியில் மண்ணுக்குள்ள சுருள் புதைக்கிறாங்களே, அது வேற விஷயம், மண்ணை நிறையத் தொடறதுக்காக. அதைப் பார்த்துட்டு வந்து மேலேயும் சுருட்ட வேண்டாம்.

சரி, பள்ளம் வேண்டவே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லலை. கம்பத்தில் போற ஒயரை காத்து அறுக்கும், தென்னை மட்டை விழும், மேலிருந்து வர்ற அடியும் அதுக்குத்தான் அதிகம். பணம் இருந்தா தோண்டுங்க. ஆனா தோண்டுறதை ஒழுங்காத் தோண்டுங்க. இந்த அளவு கேபிளுக்கு 75 சென்டிமீட்டர் ஆழம். முழங்கால் ஆழத்தோட நிறுத்திட்டுக் கூலி கேட்டா கொடுக்காதீங்க. அடியில் மணல், மேலே மணல், அதுக்கு மேல செங்கல் வரிசை. இரும்புக் கம்பி சுத்தின ஆர்மர்டு கேபிள்தான் போடணும், அந்த இரும்பை ரெண்டு முனையிலும் எர்த்தில் சேர்க்கணும். மண்ணுக்குள்ள ஜாயிண்ட் கூடாது. தென்னை, பனை வரிசையை ஒட்டிப் பள்ளம் எடுக்காதீங்க. உயரமான மரத்தில் விழுந்த மின்னல் வேர் வழியா இறங்கி கேபிளைப் பிடிக்கும். பள்ளத்தை மூடுறதுக்கு முன்னாடி, கேபிளுக்கு ஓர் அடி மேல, உறையில்லாத இரும்புக் கம்பி ஒண்ணை நெடுகப் போட்டு, ரெண்டு முனையிலும் எர்த்தில் சேருங்க. மின்னல் மண்ணைக் கிழிச்சு வந்தா முதலில் அந்தக் கம்பி வாங்கிக்கும். டெலிபோன் கேபிளுக்கு இப்படிப் போடுறது பழைய வழக்கம். பள்ளம் திறந்திருக்கும்போது போட்டா கம்பி விலைதான் செலவு.

மோட்டாரைவிட முக்கியமான ஒண்ணு இனிமேதான் இருக்கு. அடி விழுந்த அன்னைக்கே எல்லாம் கெட்டுப் போகணும்னு இல்லை. உறையில் குண்டூசி முனை அளவு ஓட்டை விழுந்திருக்கும். மோட்டார் ஓடும். எல்லாரும் தப்பிச்சோம்னு இருப்போம். அப்புறம் ஐப்பசி மழையில் அந்த ஓட்டை வழியா ஈரம் போய், கரண்ட் மண்ணுக்குள்ள கசிய ஆரம்பிக்கும். அந்த ஈர மண்ணில் வெறுங்காலோட களை எடுக்கப் போறது யாரு? நாமதான். ஆடு மாடு ஓட்டிக்கிட்டுப் போறதும் நம்ம பிள்ளைகள்தான். தரையில் கால் வைச்சதும் சுருக்னு இழுத்தா, குழாயைத் தொட்டதும் கை ஜிவ்வுனு இருந்தா, "பழகிப் போச்சு"ன்னு சொல்லாதீங்க. காலடியைக் குறுக்கிக் குறுக்கி வைச்சு விலகி வந்து, மெயினை இறக்கச் சொல்லுங்க. தெருவில் ஈ.பி. கேபிள் பக்கம்னா மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லுங்க. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பர் போடுங்க, மாசம் ஒரு தடவை அதோட டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க. மோட்டாருக்கு எந்த அளவு ட்ரிப்பர் சரியா இருக்கும்னு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கேளுங்க.

நகரத்தில் இருந்து வந்திருக்கிற சகோதரிகள் கேபிள் பழுது பார்க்கிற வண்டியைப் பார்த்திருக்கலாம். புதைஞ்ச கேபிளுக்குள்ள சில ஆயிரம் வோல்ட் அடியை, சில செகண்டுக்கு ஒரு தடவை அனுப்புவாங்க. ஓட்டை இருக்கிற இடத்தில் மண்ணுக்குள்ள டம்னு ஒரு சத்தம் கேட்கும். ஒருத்தர் காதில் மாட்டிக்கிட்டுத் தரையைக் கேட்டுக்கிட்டே நடப்பார். மின்னல் செய்யிற அதே வேலையை அளவா, வேணும்னே செஞ்சு ஓட்டையைக் கண்டுபிடிக்கிறாங்க. ஆனா பழைய கேபிளில் அதை நிறையத் தடவை அடிச்சா நல்ல இடமும் பலவீனமாகும்.

நமக்கு அந்த வண்டி வேண்டாம். மெக்கர்னு ஒரு கருவி போதும். காயில் கட்டுற கடையில் இருக்கும். ஸ்டார்ட்டரில் இருந்து கேபிளைக் கழட்டிட்டு, ஒவ்வொரு ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவுல அளந்து பார்க்கணும். போருக்குள்ள இருக்கிற மோட்டாருக்கு 2 மெகா ஓம், அதுக்கு மேல வந்தா நல்லது. அரை மெகா ஓமுக்குக் கீழே வந்தா உறையில் எங்கேயோ காயம். மோட்டார் ஓடுதேன்னு விடக்கூடாது, கேபிளா மோட்டாரான்னு பிரிச்சுப் பார்க்கணும். மழைக்காலத்துக்கு முன்னாடி ஒண்ணு, பலத்த இடி மின்னலுக்குப் பிறகு ஒண்ணு. அளவைத் தேதி போட்டுத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி வையுங்க. போன தடவை 20, இந்தத் தடவை 3னு வந்தா, அது இன்னும் கெடலை, ஆனா கெட ஆரம்பிச்சிருக்குன்னு தெரியும். கடைக்காரர் சொல்றதுக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

கடைசியா ஓர் அக்கா கேட்டாங்க: "இடி இடிக்கும்போது போர் பைப்பில் கை கால் கழுவலாமா?" கூடாது. இரும்புப் பைப், முள்வேலிக் கம்பி, துணி காயப்போட்ட கம்பி எதையும் தொடாதீங்க. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு வெளியே வாங்க. செல்போனில் 'தாமினி'ன்னு ஒரு செயலி இருக்கு, மத்திய அரசோட வானிலை விஞ்ஞானிகள் நடத்துறது. பக்கத்தில் மின்னல் வந்தா முன்னாடியே சொல்லும். படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னா போட்டுத் தருவாங்க.

நாற்றங்கால் குழுவுக்கு: கடன் மனுவில் 'பள்ளம், கேபிள்'னு எழுதியிருக்கிறதை மாத்தி, முதல் வரியில் அரெஸ்டரும் மோட்டார் எர்த் கம்பியும், ரெண்டாவது வரியில் மெக்கர் சோதனையும், மிச்சம் இருந்தா மூணாவதாப் பள்ளமும்னு எழுதிக் கொண்டு வாங்க. வர்ற வியாழக்கிழமை மெக்கரைக் கடன் வாங்கிட்டு நான் உங்க நிலத்துக்கு வர்றேன். ஸ்டார்ட்டர் பெட்டிச் சாவியை யார் வைச்சிருக்காங்களோ, அவங்க அன்னைக்கு ஊரில் இருக்கணும்.